பின்மூடி திறந்த காலம்: கைக்கடிகார மின்கலத்தின் வரலாறு

புனேயிலிருந்து நாசிக் செல்லும் நெடுஞ்சாலையில் அமைந்துள்ள போசரி, அறுபது ஆண்டுகளுக்கு முன்பு வயல் சூழ்ந்த கிராமமாக இருந்தது. 1962-இல் மகாராட்டிரத் தொழில் வளர்ச்சிக் கழகம் தோன்றிய பின்னர், பிம்ப்ரி, சிஞ்ச்வட், ஆகுர்டி ஆகிய அண்டை ஊர்களோடு போசரியும் தொழிற்பேட்டையாக மாறியது. 1970-இல் இந்த நான்கு ஊர்களையும் இணைத்து ஒரு நகராட்சி அமைக்கப்பட்டது. 1982-இல் அது மாநகராட்சியாயிற்று. பெரும் வாகனத் தொழிற்சாலைகளுக்கு உதிரிபாகம் செய்து தரும் சிறு பட்டறைகளே போசரியின் உயிர்நாடி. அத்தகைய பட்டறைகளில் எச்.எம்.டி. முத்திரை தாங்கிய பழைய லேத் எந்திரங்களை இன்றும் காணலாம். பற்சக்கரம் தேய்ந்தால் புதியது வெட்டிப் பொருத்துவர். பேரிங் போனால் மாற்றுவர். படுகை தேய்ந்தால் இழைத்துச் சீராக்குவர். நாற்பது ஆண்டு வயதுடைய எந்திரம் என்பது அங்கு வியப்புக்குரிய செய்தி அன்று.

அந்த லேத்தை இயக்கும் தொழிலாளியின் மணிக்கட்டில் இன்று இருப்பது பெரும்பாலும் ஸ்மார்ட்வாட்ச் எனப்படும் திறன்கடிகாரம். வாங்கிய இரண்டு மூன்று ஆண்டுகளில் அதன் பேட்டரி தளரத் தொடங்குகிறது. காலையில் முழுமையாக மின்னேற்றிய கடிகாரம் ஷிஃப்ட் முடிவதற்குள் அணைந்துவிடுகிறது. திரை, உணரிகள், பட்டை அனைத்தும் நன்றாக இருந்தும், மின்கலம் ஒன்று தளர்ந்த காரணத்தால் கருவி முழுவதும் குப்பைக்குப் போகிறது. லேத்துக்கு வாய்த்த நீண்ட ஆயுள் கடிகாரத்துக்கு ஏன் வாய்க்கவில்லை? இரண்டையும் ஒரு காலத்தில் ஒரே நிறுவனம் இந்நாட்டில் உற்பத்தி செய்தது என்பதை நினைக்கும்போது இக்கேள்வி மேலும் கூர்மை பெறுகிறது. இதற்கான விடை கடிகாரத்தின் பின்மூடியின் வரலாற்றில் உள்ளது.

சாவி கொடுத்த காலம்

இந்துஸ்தான் மெஷின் டூல்ஸ் என்னும் எச்.எம்.டி., 1953-இல் பெங்களூரில் எந்திரக் கருவிகள் செய்யும் அரசு நிறுவனமாகத் தொடங்கியது. 1961-இல் ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தோடு கூட்டுச் சேர்ந்து கைக்கடிகாரத் தொழிற்சாலையையும் அமைத்தது. லேத்தின் துல்லியமும் கடிகாரத்தின் துல்லியமும் ஒரே கைத்திறனின் இரு அளவுகள் என்ற எண்ணம் அதற்குப் பின்னால் இருந்தது.

அக்காலக் கடிகாரத்தில் மின்கலம் இல்லை. நாள்தோறும் சாவி கொடுக்கும் விரலே அதன் ஆற்றல் மூலம். அதற்கும் நோய்கள் இருந்தன: எண்ணெய் உலர்ந்து கெட்டியாகும், சுருள்வில் அறும், தூசி புகுந்து சக்கரம் நிற்கும். ஆனால் இவை அனைத்தும் தெருமுனைக் கடிகாரக்காரரின் மேசையில் தீரக்கூடியவை. கண்ணில் இடுக்கிய உருப்பெருக்கி, சிறு திருப்புளி, பெட்ரோல் கிண்ணம், எண்ணெய்த் துளி ஆகியவையே அவருடைய மருத்துவமனை. பின்மூடியைத் திறப்பது பழுதுபார்ப்பின் முதல் படி. கடிகாரத்தைச் செய்தவர்களும் அதை எதிர்பார்த்தே வடிவமைத்தனர். தேயும் ஒவ்வொரு பாகமும் தனித்துக் கழற்றத்தக்கதாக இருந்தது. எனவே கடிகாரத்தின் ஆயுளும் அதன் பாகங்களின் ஆயுளும் வெவ்வேறாக இருந்தன.

மின்கலம் நுழைந்த கதை

மின்கலத்தால் ஓடும் கைக்கடிகாரத்தை முதலில் சந்தைக்குக் கொணர்ந்தது அமெரிக்காவின் ஹாமில்டன் நிறுவனம், ஆண்டு 1957. சாவி கொடுக்கத் தேவையில்லை என்பது அதன் பெருமை. ஆனால் மின்சுற்றை விட்டுவிட்டு இணைக்கும் மெல்லிய தொடுகம்பிகள் விரைவில் தேய்ந்தன. கடிகாரம் நின்றால் குறை மின்கலத்திலா, தொடுகம்பியிலா என்று பிரித்தறிய அக்காலக் கடிகாரக்காரர்களுக்குப் பயிற்சி இல்லை. 1969-இல் அவ்வகைக் கடிகாரங்களின் உற்பத்தி முடிவுக்கு வந்தது. இன்று திறன்கடிகார உரிமையாளர் எதிர்கொள்ளும் ஐயத்தின் முதல் வடிவம் இதுவே: குறை கலத்தினுடையதா, கலத்தைப் பயன்படுத்தும் கருவியினுடையதா?

1960-இல் புலோவா நிறுவனம் வெளியிட்ட அக்யூட்ரான், தொடுகம்பிகளை நீக்கி, நொடிக்கு 360 முறை அதிரும் சிறு இசைக்கவையைக் காலக் காவலனாக்கியது. அது 1.35 வோல்ட் பாதரச மின்கலத்துக்காக வடிவமைக்கப்பட்டது. பாதரசம் நஞ்சென்பதால் அக்கலங்கள் பின்னர்ச் சந்தையிலிருந்து விலக்கப்பட்டன. அவற்றின் இடத்துக்கு 1.55 வோல்ட் வெள்ளி ஆக்சைடு கலங்கள் வந்தன. புதிய கலம் இட்ட சில பழைய அக்யூட்ரான்கள் விரைந்து ஓடத் தொடங்கின. மின்னழுத்தம் சற்றே கூடியதால், பற்சக்கரத்தை ஒவ்வொரு பல்லாகத் தள்ள வேண்டிய நுண்முனை இரண்டிரண்டு பற்களாகத் தள்ளியது. கலத்தில் ஏற்பட்ட மாற்றம், மணி தவறாகக் காட்டும் நோயாக வெளிப்பட்டது. அறிகுறி ஓரிடத்திலும் காரணம் வேறிடத்திலும் இருக்கும் என்ற பாடத்தைப் பழுதுபார்ப்போர் அப்போது கற்றனர்.

மூன்றாண்டு கலம்

1969 டிசம்பர் 25 அன்று டோக்கியோவில் சீக்கோ நிறுவனம் அஸ்ட்ரான் என்னும் முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை 4,50,000 யென் விலையில் விற்பனைக்கு வைத்தது. அதன் கலம் ஓராண்டு உழைத்தது. பின்வந்த பத்தாண்டுகளில் மின்சுற்றுகள் மென்மேலும் சிக்கனமாயின, விலையும் சரிந்தது. இந்தியாவில் டாடா குழுமமும் தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகமும் இணைந்து 1984-இல் டைட்டனைத் தொடங்கின. ஓசூரில் எழுந்த அதன் தொழிற்சாலை குவார்ட்ஸையே தன் அடித்தளமாகக் கொண்டது. ‘சாவி கொடுக்கும் வாட்ச்’, ‘பேட்டரி வாட்ச்’ என்ற பாகுபாடு தமிழ்ப் பேச்சு வழக்கில் இக்காலத்தில்தான் வேரூன்றியது.

குவார்ட்ஸ் கடிகாரத்தின் சிக்கனத்தை எளிய கணக்கால் அறியலாம். எஸ்.ஆர். 626 என்னும் வெள்ளி ஆக்சைடு பொத்தான் கலம் 6.8 மில்லிமீட்டர் விட்டமும் 2.6 மில்லிமீட்டர் தடிமனும் உடையது. அதன் கொள்ளளவு ஏறத்தாழ 28 மில்லி ஆம்பியர்-மணி. முள் கடிகாரம் ஒன்று சராசரியாக ஒரு மைக்ரோ ஆம்பியர் மின்னோட்டம் எடுத்தால், அக்கலம் 28,000 மணி நேரம், அதாவது மூன்றாண்டுக்கு மேல் உழைக்கும்.

தேய்ந்த கலம் தன் முடிவை முன்கூட்டியே அறிவிக்கவும் கடிகாரங்கள் கற்றன. மின்னழுத்தம் குறைந்ததும் நொடிமுள் ஒவ்வொரு நொடியும் நகர்வதை விடுத்து, இரண்டு நொடிக்கு ஒருமுறை தாவும். கலம் மாற்றும் வேளை நெருங்கிவிட்டது என்பதற்கு அது அடையாளம். கலத்தை மாற்றப் பேருந்து நிலையத்தின் ஓரக் கடை போதும். ஐந்து நிமிடம் போதும். அங்கும் நுட்பம் இருந்தது. வெள்ளி ஆக்சைடு கலத்தின் மின்னழுத்தம் இறுதிவரை சீராக நிற்கும். மலிவான காரக் கலத்தின் மின்னழுத்தம் மெல்லச் சரியும், உள்ளே கசிந்து மின்சுற்றை அரிக்கவும் கூடும். புதுக்கலம் ஆறு மாதத்தில் தீர்ந்தால் தேர்ந்த கடிகாரக்காரர் கலத்தைக் குறை கூறமாட்டார். கடிகாரம் எடுக்கும் மின்னோட்டத்தை அளந்து பார்ப்பார். எண்ணெய் உலர்ந்து சக்கரங்கள் இறுகியிருந்தால் மின்னோட்டம் கூடியிருக்கும்.

ஒளிரும் திரையின் பசி

1972-இல் ஹாமில்டன் வெளியிட்ட பல்சர், எண்களைச் சிவப்பு ஒளியில் காட்டியது. அவ்வொளி கலத்தை விரைந்து தின்றது. எனவே பொத்தானை அழுத்தினால் மட்டும் மணி தெரியுமாறு அதை அமைத்தனர். மணிக்கட்டை உயர்த்தினால் மட்டும் திரை ஒளிரும் இன்றைய ஏற்பாட்டுக்கு முன்னோடி அந்தப் பொத்தானே. எப்போதும் ஒளிரும் திரை என்ற வசதியை அணைத்தால் மின்கலம் நீடிக்கும் என்ற இன்றைய அறிவுரையும் அரை நூற்றாண்டுப் பழமை உடையது. காலத்தை அளப்பதற்கு வேண்டிய ஆற்றல் மிகச் சிறிது. காட்டுவதற்கு வேண்டிய ஆற்றலே பெரிது.

மீண்டும் மின்னேற்றத்தக்க லித்தியம் கலத்தின் வரலாற்றிலும் கைக்கடிகாரத்துக்கு இடமுண்டு. ஸ்டான்லி விட்டிங்ஹாம் எக்ஸான் நிறுவனத்தில் உருவாக்கிய லித்தியம்–டைட்டானியம் டைசல்ஃபைடு வேதியியலைக் கொண்டு, 1977 முதல் 1979 வரை அந்நிறுவனம் கடிகாரம் முதலிய சிறு கருவிகளுக்கான பொத்தான் கலங்களை விற்றது. 1980-இல் ஜான் குடினஃப் குழுவினர் லித்தியம் கோபால்ட் ஆக்சைடை நேர்முனைப் பொருளாகக் கண்டனர். 1985-இல் அகிரா யோஷினோ பாதுகாப்பான மாதிரிக் கலத்தை உருவாக்கினார். 1991-இல் சோனி அதை வணிகப் பொருளாக்கியது. இம்மூவருக்கும் 2019-இல் வேதியியல் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

இக்கலம் மூப்படைவது அதன் இயல்பிலேயே அடங்கியுள்ளது. மின்னேற்றும்போது லித்தியம் அயனிகள் நேர்முனையிலிருந்து புறப்பட்டு கிராஃபைட் அடுக்குகளுக்குள் புகுகின்றன, பயன்படுத்தும்போது திரும்புகின்றன. ஒவ்வொரு பயணத்திலும் சிறிதளவு லித்தியம் கிராஃபைட்டின் மேற்பரப்பில் படலமாகப் படிந்து சிறைப்படுகிறது. படலம் தடிக்கத் தடிக்க உள்மின்தடை ஏறுகிறது, கொள்ளளவு இறங்குகிறது. வெப்பமும், நூறு விழுக்காட்டிலேயே நெடுநேரம் நிறுத்தி வைப்பதும் இதை விரைவுபடுத்துகின்றன. சில நூறு சுழற்சிகளுக்குப் பின் கொள்ளளவில் ஐந்தில் ஒரு பங்கு குறைவது பொதுவாகக் காணப்படுவதே. வெள்ளி ஆக்சைடு கலம் தீரும். லித்தியம் கலம் மூக்கும். தீர்ந்த கலத்தை மாற்றியாக வேண்டும் என்பதால் அதற்கொரு கதவு வைத்தனர். மூக்கும் கலத்துக்கு மின்னேற்றி இருப்பதால் கதவு தேவையில்லை என்று கருதிவிட்டனர்.

மூடப்பட்ட பின்மூடி

2000-ஆம் ஆண்டளவில் ஐ.பி.எம். ஆய்வகத்தில் சந்திரா நாராயணசுவாமி உள்ளிட்டோர் லினக்ஸ் இயங்குதளத்தில் ஓடும் கைக்கடிகாரத்தை உருவாக்கினர். 2001-இல் அம்முயற்சியில் சிட்டிசனும் இணைந்தது. நாற்பது ஆண்டுகளுக்கு முன் எச்.எம்.டி.க்குக் கடிகாரத் தொழில் கற்பித்த அதே சிட்டிசன்தான். கணினியை மணிக்கட்டில் கட்ட இயலும் என்பதை அக்கடிகாரம் மெய்ப்பித்தது; அத்தனை சிறிய கலத்தில் அதை நெடுநேரம் ஓட்டுவது எவ்வளவு கடினம் என்பதையும் காட்டியது.

2012-இல் பெபிள் நிறுவனம் பொதுமக்களிடமிருந்து ஒரு கோடி டாலருக்கு மேல் முன்பணம் திரட்டியது. மின்தாளையொத்த சிக்கனமான திரையால் அதன் கடிகாரம் ஏழு நாள் வரை உழைக்கும் என்று அறிவிக்கப்பட்டது. 2016 டிசம்பரில் நிறுவனம் மூடப்பட்டபோது, ஆர்வலர்கள் ரெபிள் என்ற பெயரில் அதன் இணையச் சேவைகளை மீட்டனர். 2025 ஜனவரியில் அதன் இயங்குதள நிரல் திறந்த மூலமாக வெளியிடப்பட்டது. மென்பொருளுக்கு இவ்வாறு மறுபிறவி கிடைத்தும், முதல் பெபிளின் மின்கலம் ஒட்டி மூடப்பட்ட உறைக்குள் மூத்துக்கொண்டே இருந்தது. நிரலை எவரும் படிக்கலாம். உறையைத் திறப்பதுதான் அரிது.

இன்றைய திறன்கடிகாரத்தின் பசியைக் குவார்ட்ஸோடு ஒப்பிட்டால் வேறுபாடு விளங்கும். 300 மில்லி ஆம்பியர்-மணி கலம் இரண்டு நாளில் தீர்கிறது எனக் கொண்டால், சராசரி மின்னோட்டம் ஆறு மில்லி ஆம்பியருக்கு மேல். இது முள் கடிகாரம் எடுப்பதைப்போல் ஆறாயிரம் மடங்கு. நாள்தோறும் உண்டு நாள்தோறும் தீரும் கலம் விரைவில் மூப்பதில் வியப்பில்லை.

நோய் நாடுதல்

மூத்த திறன்கடிகாரத்தின் மின்கலக் குறையை ஆராய, பழைய கடிகாரக்காரரின் நெறியே இன்றும் பொருந்தும்: கருவியின் செலவையும் கலத்தின் வலிமையையும் தனித்தனியே சோதிக்க வேண்டும். எப்போதும் ஒளிரும் திரை, இடங்காட்டி, தொடர் இதயத்துடிப்பு அளவீடு, அறிவிப்புகள் ஆகியவற்றை ஒருநாள் அணைத்து வைத்து, மணி மட்டும் காட்டச் செய்தால் முதல் விடை கிடைக்கும். கடிகாரம் முன்போல நீடித்தால் குறை செலவில் உள்ளது. அண்மையில் மேம்படுத்திய மென்பொருளோ, பின்னணியில் ஓயாது ஓடும் செயலியோ, கைபேசியோடு அடிக்கடி அறுந்து இணையும் புளூடூத் தொடர்போ காரணமாகலாம். எல்லாம் அணைத்தும் விரைவில் தீர்ந்தால் கலத்தின் மூப்பே முதற்காரணம் எனக் கருதலாம்.

வேறு அடையாளங்களும் உண்டு. திரையில் தோன்றும் விழுக்காடு நேரடி அளவன்று. மின்சுற்று செய்யும் மதிப்பீடு. மூத்த கலத்தில் முப்பது விழுக்காடு காட்டும்போதே கடிகாரம் திடீரென அணைவது, உள்மின்தடை ஏறியதன் விளைவு. இடங்காட்டி போன்ற பெருஞ்செலவு தொடங்கும் கணத்தில் மின்னழுத்தம் சரிந்து கருவி நின்றுவிடுகிறது. மின்னேற்றமே நிகழவில்லை என்றால் கலத்தை ஐயுறும் முன் தொடுமுனைகளைப் பார்க்க வேண்டும். போசரிப் பட்டறைச் சூழலில் வியர்வை, கூலண்ட், உலோகத் துகள் மூன்றும் அம்முனைகளில் படிவது இயல்பு. உலர்ந்த மென்துணியால் துடைத்தாலே தீரும் குறை அது. உலைக்கு அருகில் பணிபுரிவோரின் கடிகாரக் கலம் வெப்பத்தால் விரைந்து மூப்பதும் எதிர்பார்க்கத் தக்கதே. திரை உறையிலிருந்து சற்றே மேலெழும்பினால் கலம் உப்பியிருக்கலாம். அந்நிலையில் கடிகாரத்தை மின்னேற்றுவதும் அணிவதும் கூடாது; அழுத்தி மூட முயல்வது தீ விபத்துக்கே வழிவகுக்கும்.

சோதனையின் முடிவு கலத்தின் மூப்பு என்றால், வரலாறு அங்கே தடைபடுகிறது. பேருந்து நிலையக் கடைக்காரர் ஐந்து நிமிடத்தில் செய்த பணிக்கு இன்று உறையைச் சூடாக்கிப் பசையை இளக்க வேண்டும். நூல்போன்ற இணைப்புப் பட்டையை அறுக்காமல் திரையைத் தூக்க வேண்டும். அதே அளவுள்ள கலத்தைத் தேடிப்பிடிக்க வேண்டும். மீண்டும் நீர் புகாதவாறு ஒட்ட வேண்டும். மலிவான கடிகாரத்தில் இந்த உழைப்பின் கூலி புதுக் கடிகாரத்தின் விலையை நெருங்கிவிடுகிறது. உறையை ஒட்டி மூடுவதற்கு உற்பத்தியாளர் கூறும் காரணங்கள் பொய்யல்ல: நீர் புகாமை, மெலிவு, கூர்முனை பட்டால் தீப்பற்றக்கூடிய கலத்தின் பாதுகாப்பு. ஆயினும் நீர் புகாத குவார்ட்ஸ் கடிகாரங்கள் ரப்பர் வளையமும் திருகுமூடியும் கொண்டு பல்லாண்டுகளாக இயங்கி வந்துள்ளன. நீரைத் தடுப்பதும் திறக்க இயல்வதும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்பதற்கு அவை சான்று.

சட்டத்தின் நுழைவு

இந்தியாவில் 2022 ஆகஸ்டில் அறிவிக்கப்பட்ட மின்கலக் கழிவு மேலாண்மை விதிகள், பயன்பாடு முடிந்த கலங்களைத் திரட்டி மறுசுழற்சி செய்யும் பொறுப்பை உற்பத்தியாளர்மீது சுமத்தின. அதே ஆண்டு நடுவண் நுகர்வோர் நலத்துறை பழுதுபார்க்கும் உரிமைக்கான குழுவை அமைத்து, டிசம்பரில் அதற்கென இணையத்தளமும் தொடங்கியது. கருவிகளைப் பழுதுபார்ப்பது எவ்வளவு எளிது என்பதை மதிப்பெண்ணாகக் காட்டும் குறியீட்டுக்கான பரிந்துரை 2025 மே மாதம் அத்துறையிடம் அளிக்கப்பட்டது; அது முதன்மையாகக் கைபேசி, டேப்லெட் ஆகியவற்றை நோக்கியது.

ஐரோப்பிய ஒன்றியம் 2023-இல் இயற்றிய மின்கல ஒழுங்குமுறை ஒருபடி மேலே செல்கிறது. 2027 பிப்ரவரி 18 முதல், கருவிகளில் உள்ள கையடக்க மின்கலங்களைப் பயனரே கழற்றி மாற்றத்தக்கதாக வடிவமைக்க வேண்டும் என்பது அதன் பொதுவிதி. முதன்மையாக நீர்ச்சூழலில் இயங்கும் கருவிகள் சிலவற்றுக்கு விலக்கு உண்டு. ஆயினும் அவற்றிலும் உற்பத்தியாளரைச் சாராத தொழில்நுட்பர் கலத்தை மாற்ற இயல வேண்டும். தெருமுனைக் கடிகாரக்காரரை விலக்கிவிட்டு எழுந்த ஒரு தொழிலில், அவருக்கான இடத்தைச் சட்டம் மீண்டும் வரைகிறது என்று இதைக் கொள்ளலாம்.

எச்.எம்.டி.யின் கடிகாரப் பிரிவை மூட 2016 ஜனவரியில் நடுவண் அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. ஆனால் அதன் சாவி கொடுக்கும் கடிகாரங்கள் இன்றும் துடைத்து எண்ணெயிட்டால் ஓடுகின்றன. செய்த நிறுவனத்தின் ஆயுளைக் கடந்தும் பொருள் நீடிப்பது, அதைத் திறந்து பார்க்க இயல்வதால்தான். லித்தியம் கலம் மூப்பதை எவராலும் தடுக்க இயலாது. அதனோடு கடிகாரமும் சாக வேண்டும் என்பது வேதியியலின் விதியன்று. அது வடிவமைப்பாளர் செய்த தேர்வு, ஆகவே மாற்றத்தக்கது.

பட்டறைக்குப் பழைய லேத் வாங்குபவர் விலையைக் கேட்கும் முன்பே, உதிரிபாகம் கிடைக்குமா, அதை மாற்றத் தெரிந்தவர் அருகில் உண்டா என்று விசாரிப்பார். திறன்கடிகாரம் வாங்கும் கடையிலும் இனி முதலில் எழ வேண்டிய கேள்விகள் அவையே: இதன் கலத்தை மாற்ற இயலுமா, யார் மாற்றுவார், என்ன செலவாகும்?